பத்து நாற்பதுக்குக் கப்பலில் யாருமில்லை

மார்ச் 5, புதன்

சின்னவளுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதலில் நான் செய்தது அப்பாவுக்கு நகம் வெட்டியதுதான். முந்தின நாள் தூக்கத்தில் கன்னத்தைக் கீறிக்கொண்டிருந்தார். ஐந்தேகாலுக்குச் சீருடையோடு அவர் அறைக்குப் போனேன். விழித்துத்தான் இருந்தார். கையை நீட்டுங்கள் என்றதும் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ்ஸில் சில்லறை வாங்கிய கை. "திருப்புங்கப்பா" என்றேன். "மொதல்ல டிக்கெட்டைச் சொல்லு" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். காலையில் அவர் அவ்வளவு தெளிவாக இருந்தார்.

போனில் என் குரலைக் கேட்கத் தெம்பில்லை, நடந்ததை வரிசையாக எழுது என்று சொல்லியனுப்பியிருந்தாய். அதனால்தான் நகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீ கப்பலை எப்போதும் கரையிலிருந்துதான் பார்த்திருக்கிறாய். மாற்று நாள் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை ஒரு கூட்டம் இறங்கும், மதியம் இன்னொரு கூட்டம் ஏறும். நடுவில் எங்களுக்கு நான்கு மணி நேரம். முந்தின சாயங்காலமே பெட்டிகளை வண்ணச் சீட்டுக் கட்டி நடைவழியில் வைத்துவிடுவார்கள். எட்டு மணிக்குள் எல்லோரும் அறையைக் காலி செய்ய வேண்டும். எட்டு ஐந்துக்கு நடைவழி முழுக்கக் கதவுகள் திறந்து கிடக்கும். ஒரு பெண்ணுக்குப் பதினைந்து அறை, ஒரு அறைக்குப் பதினைந்து நிமிஷம். கழற்றிப் போட்ட விரிப்புகள் இடுப்பு உயரத்துக்குக் குவியும், மூட்டை கட்டிச் சலவைக்கூடத்துக்கு இறக்க வேண்டும். அதற்குள் முட்டை ஏறும், எண்ணெய் ஏறும், ஒரு வாரத்துக் குப்பை இறங்கும். யாராவது பல்செட்டை மறந்துவிட்டுப் போயிருப்பார்கள், அதற்கு ஒரு ஆள் ஓட வேண்டும். எட்டாம் தளத்தில் என் பொறுப்பில் ஆறு பெண்கள், தொண்ணூறு அறைகள். அப்பாவின் அறை அதில் ஒன்று.

அடுத்த வாரமும் அதே கப்பலில் போகிறவர்களைத் தொடர் பயணி என்போம். அப்பா அப்படித்தான். அவர்கள் அறையைக் காலி செய்ய வேண்டாம். ஆனால் ஒரு முறை கரைக்கு இறங்கி ஏறியாக வேண்டும். வாசலில் ஒவ்வொருவர் பயண அட்டையையும் இயந்திரத்தில் தேய்ப்பார்கள். பதிவின்படி கப்பலில் ஒரு பயணிகூட இல்லை என்று ஆன பிறகுதான் புதுக் கூட்டத்தை ஏற்றலாம். அந்த நிமிஷத்தில் ஒலிபெருக்கியில் 'பூஜ்யம்' என்று சொல்வார்கள். அன்று பத்து நாற்பதுக்குச் சொன்னார்கள்.

அப்பாவை ஒன்பதரைக்கு ஐந்தாம் தளத்துக் கூடத்தில் தொடர் பயணிகளோடு உட்கார வைத்தேன். சட்டையில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன். அவர்களோடு இறங்கி, 11.12க்குத் திரும்ப ஏறியிருக்கிறார். பதிவில் இருக்கிறது. அதன்பின் அறையிலிருந்து தனியாக வெளியே வந்திருக்கிறார். ஊழியர்கள் போகும் படிக்கட்டுக் கதவு திறந்திருந்திருக்கிறது. இரும்புப் படி. மூன்றாம் தளத்துத் திருப்பத்தில் விழுந்து கிடந்தவரை 11.26க்குச் சலவைக்கூடத்து ஆள் பார்த்தார். வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

ஸ்ட்ரெச்சரோடு நான் இறங்கி வரவில்லை என்று கோபமாக இருப்பாய். மாற்று நாளில் எங்களை விட மாட்டார்கள்.

வழக்கம்போல ஞாயிறன்று துறைமுகக் கட்டடத்துத் தபால் மேசைக்கு இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலை அங்கேயே வை.

பெரியவள்



மார்ச் 12

அக்கா,

மூணு தடவை படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கே. 9.30, 10.40, 11.12, 11.26. இது வீட்டுக் கடுதாசியா ஆபீஸ் கடுதாசியான்னு உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

நாலு வருஷம் நான் பாத்துக்கிட்டேன். ரெண்டு வாரம் உன்கிட்டக் கொடுத்தேன்.

இதை எழுதாதேன்னு இவர் சொன்னார். எழுதிட்டேன், என்ன செய்ய. நாலு வருஷத்துல அப்பா மூணு தடவை காணாமப் போனார். மூணு தடவையும் பஸ் நிலையத்துல கண்டுபிடிச்சேன். ஒரு தடவை நின்னுக்கிட்டிருந்த பஸ்ல ஏறி, "முன்னாடி போங்க, முன்னாடி எடம் இருக்கு"ன்னு காலி சீட்டுங்களை விரட்டிட்டிருந்தார். கடையில மருந்து எடுத்துக் கொடுத்துட்டே அவரை நினைச்சுப் பயந்த பயம் உனக்குத் தெரியாது. நீதான் சொன்னே, குடும்பத்தாருக்குக் கம்பெனியில இடம் தர்றாங்க, ரெண்டு வாரம் அனுப்பு, நீ கொஞ்சம் தூங்குன்னு. தூங்கினேன்க்கா. ஒரு வாரம் பொணம் மாதிரி தூங்கினேன்.

நீ ஒண்ணை மறந்துட்டே. நான் அங்கே நின்னேன்.

தொடர் பயணிங்க பத்து மணிக்கு இறங்கி ஒரு மணி நேரம் நாற்காலியில உட்காருவாங்க, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னா பார்க்கலாம்னு நீதான் சொன்னே. அரை நாள் லீவு போட்டேன். அவரோட பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துட்டு ஒன்பதரைக்கே போயிட்டேன். பச்சை ஸ்டிக்கர் ஒட்டினவங்க வந்தாங்க. பதினேழு பேர். எண்ணினேன், கண்டக்டர் பொண்ணு இல்லையா. ஒரு அம்மா கைத்தடியோட. ஒரு ஆள் நாய்ப் படம் போட்ட சட்டையில. ஒரு ஜோடி சண்டை போட்டுக்கிட்டே. எல்லாரும் திரும்ப உள்ளே போற வரைக்கும் நின்னேன். நம்ம அப்பா இல்லை.

அடம் பிடிச்சு இறங்காம இருந்துட்டார், கிழவருக்கு இதே வேலைன்னு திட்டிக்கிட்டே பஸ் ஏறினேன். அவரைப் பத்தி நான் கடைசியாச் சொன்னது அதுதான்.

இப்ப நீ சொல்லு. இறங்காதவர் எப்படித் திரும்ப ஏறினார்?

இன்னொண்ணு. போன் வந்ததும் மறுபடி துறைமுகத்துக்கு ஓடி வந்தேன். ஸ்ட்ரெச்சர் வந்தப்ப பின்னாடி ஒரு ஆபீசர் கோப்போட வந்தார், நீ வரலை. கையெழுத்துப் போட்டுட்டு நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை சன்னல். எது உன்னோடதுன்னு தெரியலை.

சின்னவ



மார்ச் 19

சின்னவளுக்கு,

எனக்குச் சன்னல் கிடையாது. நாங்கள் தண்ணீர் மட்டத்துக்கு அடியில் இருக்கிறோம். இரண்டு பேருக்கு ஒரு அறை, அடுக்குக் கட்டில், ஒரு திரைச்சீலை. அப்பா ஒரு நாள் என் அறையைப் பார்க்க வேண்டும் என்று வந்து, "ஏம்மா, இது லக்கேஜ் வைக்கிற எடம்" என்றார்.

நீ நின்ற இடத்திலிருந்து எல்லா நாற்காலியும் தெரியாது. தூண் இருக்கிறது. கழிவறைக்குப் போயிருக்கலாம். சக்கர நாற்காலியில் வேறு வழியாகக் கூட்டிப் போயிருக்கலாம். இருநூறு பேர் அலையும் கட்டடத்தில் ஒரு வயதானவரைத் தவற விடுவது பெரிய விஷயமில்லை.

நீ என்னை விசாரிக்கிறாய் என்பது புரிகிறது. ஆனால் நான்கு வருஷக் கணக்கை இப்போது ஏன் எடுத்தாய்? நான் ஊர் சுற்றவா போனேன்? பதினோரு வருஷமாக மற்றவர்கள் படுத்த படுக்கையை உதறிக்கொண்டிருக்கிறேன். பட்டம் வாங்கியவள் கக்கூஸ் கழுவுகிறாள் என்று அத்தை சொன்னபோது நீயும் பக்கத்தில் நின்று சிரித்தாய். நான் எதையும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது சொல்லிக் காட்டிவிட்டேன். சரி.

இங்கே விசாரணை முடிந்துவிட்டது. அந்தப் படிக்கட்டுக் கதவு சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். அன்று ஒரு துணிமூட்டையை முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்திருக்கிறார்கள். மூட்டை அப்படியே இருந்தது. அந்தப் பகுதி ரேடியோவின் பொறுப்பு. அப்பாவின் அறையைச் சுத்தம் செய்த பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், வாய் ஓயாது என்பதால் எங்கள் எல்லோருக்கும் அவள் ரேடியோ. அவளை வேலையை விட்டு நீக்கி ஒன்பதாம் தேதி உங்கள் ஊரில் இறக்கிவிட்டார்கள்.

இறங்கும்போது என்னிடம், "மேடம், நான் அந்தக் கதவைத் தொடவே இல்ல, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள். நான் அவள் பெட்டியின் சக்கரத்தைச் சரி செய்து கொடுத்தேன்.

இன்னும் எழுத நினைத்தேன். கை வரவில்லை.

பெரியவள்



மார்ச் 25

அக்கா,

உன் ரேடியோ கடைக்கு வந்தா.

மாலுமிங்க தங்கற விடுதியில இருக்காளாம். நீக்கினது தப்புன்னு துறைமுகத் தொழிலாளர் அலுவலகத்துல மனு கொடுத்திருக்கா. ஏப்ரல் 21ம் தேதி விசாரணை. அது முடியற வரைக்கும் இங்கேதான். அப்பாவோட மூக்குக் கண்ணாடிக் கூடு அவ தள்ளுவண்டியில மாட்டிக்கிட்டு இருந்துச்சாம். நீ மருந்துக்கடைன்னு எப்பவோ சொன்னதை வச்சு, ஆறு கடை ஏறி இறங்கிக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா.

உள்ளே கூப்பிட்டு உட்கார வச்சேன். பேசினா பேசினா, பேசிக்கிட்டே இருந்தா. தாத்தா தினமும் நடைவழியில நின்னு, "ஸ்டாண்டிங் ஏத்தாதே, ஸ்டாண்டிங் ஏத்தாதே"ம்பாராம். இவ, "ஒரே ஒரு ஆள் தாத்தா, அடுத்த ஸ்டாப்புல இறங்கிடுவேன்"னு சொல்லித் தள்ளுவண்டியை எடுத்துட்டுப் போவாளாம். சிரிச்சுக்கிட்டே சொன்னா. நானும் சிரிச்சேன்.

அப்புறம் கதவுப் பேச்சு வந்துச்சு. "அந்த மூட்டை என்னுது இல்லைக்கா. நாங்க ஆறு பேரும் நாலு முனையைச் சேர்த்து ஒரே முடிச்சு போட்டு இழுத்துடுவோம், அவசரத்துல. அது ரெண்டு காது வச்சு, முயல் காது மாதிரி அழகாக் கட்டியிருந்துச்சு. போட்டோவுல காட்டினாங்க. யாரு அவ்வளவு பொறுமையாக் கட்டறதுன்னு கேட்டேன், போட்டோவை எடுத்து உள்ளே வச்சுட்டாங்க"ன்னா.

தண்ணி கொடுத்து அனுப்பிட்டேன்.

அப்பா ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து சில்லறைப் பையைக் கட்டி ஆணியில மாட்டுவாரே, ரெண்டு காது வச்சு. ஒரு காதை இழுத்தா அவிழும், ரெண்டையும் இழுத்தா இறுகும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தாரே. எனக்கு இன்னைக்கும் வேற முடிச்சு போடத் தெரியாது. உனக்கும் தெரியாது.

அந்த மூட்டையை நீ கட்டினியா? ஆமா இல்லை, ரெண்டுல ஒண்ணு எழுது. தூண் இருக்கு, சக்கர நாற்காலி இருக்குன்னு எழுதாதே.

சின்னவ



ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

ஆமாம்.

அப்பா கூடத்துக்குப் போகவே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டினேன், அது உண்மை. எழுந்திருக்க மாட்டேன் என்றார். முழங்கால் வீங்கியிருந்தது. "டெர்மினஸ் வரலையே, எதுக்கு இறங்கச் சொல்றே? நீ என்ன செக்கரா?" என்று கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். என் இடுப்பில் வாக்கி-டாக்கி கத்திக்கொண்டிருந்தது. நாற்பது அறை மிச்சம்.

நாங்கள் அட்டை இறக்கம் என்று ஒன்று செய்வோம். எந்தப் புத்தகத்திலும் இருக்காது. நடக்க முடியாதவர்களுக்காக எப்போதாவது எல்லோரும் செய்வதுதான். ஆள் அறையிலேயே இருப்பார், அட்டை மட்டும் வாசலுக்குப் போய் இறங்கும், பூஜ்யம் சொன்ன பிறகு அட்டை ஏறும். பதிவுக்கு ஆள் போய் வந்தாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை, அந்த நேரம் முழுக்க யாராவது ஆளோடு இருக்க வேண்டும்.

யாரும் இருக்கவில்லை. ரேடியோவை உட்காரச் சொல்லியிருக்கலாம். அன்று காலைதான் வாயைக் குறைத்துக் கையை வேகமாக ஆட்டு என்று அவளை எல்லோர் முன்னும் திட்டியிருந்தேன். அதன்பின் எப்படிக் கேட்பது என்று கேட்கவில்லை. இவ்வளவு அற்பமான காரணம்.

"அப்பா, நான் வர்ற வரைக்கும் அசையக் கூடாது" என்றேன். "ரைட்" என்றார். லிஃப்டில் கூட்டம். ஊழியர் படியில் இறங்கினேன். திரும்பி வரும்போது சாவியைத் தேட வேண்டாம் என்று ஒரு மூட்டையைக் கட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன். அந்த அவசரத்திலும் கை தன் வழக்கப்படி இரண்டு காது வைத்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நீ எழுதிய பிறகுதான் தெரியும்.

வாசலில் காவலுக்கு இருப்பவரை நாங்கள் மீசை என்போம். 9.55க்கு அப்பாவின் அட்டையை வாங்கித் தேய்த்தார். "பெரியவர் எங்கே?" என்றார். "கால் சரியில்லை" என்றேன். "கூட ஆள் இருக்கா?" என்றார். இருக்கிறது என்று தலையாட்டினேன். அவருக்கு அது பொய் என்று தெரியாது.

மேலே போவதற்குள் வேறொரு அறையில் தண்ணீர் ஒழுகுகிறது என்று முன்பக்க லிஃப்டில் கூட்டிப் போனார்கள். அந்தப் படியில் ஏறியிருந்தால் அவரைப் பார்த்திருப்பேன், அல்லது அவர் இறங்குவதற்கு முன்பே வந்திருப்பேன். 10.20க்கு எட்டாம் தளம் காலியா என்று கேட்டார்கள். காலி என்றேன். 10.40க்குப் பூஜ்யம். 10.50க்கு அவர் அறைக்குப் போனேன். கட்டில் விளிம்பில் விரிப்பு கசங்கியிருந்தது, ஆள் இல்லை.

இனி எழுதப் போவதை நான் எனக்குள்கூட முழுதாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

இடுப்பில் வாக்கி-டாக்கி இருந்தது. எட்டாம் தளத்தில் ஒரு முதியவரைக் காணோம் என்று ஒரு வரி சொன்னால் ஐம்பது பேர் தேடியிருப்பார்கள். ஆனால் கப்பலில் பயணியே இல்லை என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அறிவித்திருந்தார்கள். இல்லாத பயணியை நான் எப்படித் தொலைப்பது? பதிவின்படி அப்பா திரும்ப ஏறிய பிறகுதான் தொலைய முடியும்.

அதனால் தனியாகத் தேடினேன். யாராவது பார்த்தால் வேலை செய்வது போல இருக்கட்டும் என்று கையில் நான்கு தலையணை உறை வைத்துக்கொண்டு, குளியலறை குளியலறையாக, துணி அலமாரியாக. படிக்கட்டை நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் கதவையும் நினைக்க வேண்டியிருக்கும். 11.10க்கு வாசலுக்குப் போனேன். தொடர் பயணிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள், நாய்ப் படம் போட்ட சட்டைக்காரரை நானும் பார்த்தேன். அவருக்குப் பின்னால் மீசை அப்பாவின் அட்டையைத் தேய்த்தார். 11.12. 11.15க்கு வாக்கி-டாக்கியில் சொன்னேன். பதினோரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

சலவைக்கூடத்து ஆள் கையைத் தொட்டுப் பார்த்தாராம். சூடாக இருந்தது என்றார்.

இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. பதிவு ஒன்றோடொன்று பொருந்தியதால் வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை, வாசல் கேமராவைக்கூடப் பார்க்கவில்லை. கதவைப் பற்றி விசாரித்தபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களாகவே ரேடியோ என்று முடிவு செய்தார்கள். நான் அவள் மேல் பழி போடவில்லை என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாற்று நாளில் விட மாட்டார்கள் என்று எழுதியதும் பொய். மேனேஜர் போய் வாருங்கள் என்றார், பெட்டிகூட எடுத்துத் தந்தார். நான்தான் இறங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றிருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பெரியவள்



ஏப்ரல் 9

அக்கா,

படிச்சு முடிச்சுட்டுக் கடைக்குப் போனேன். சர்க்கரை மாத்திரை கேட்டவருக்குப் பிரஷர் மாத்திரையைக் கொடுத்துட்டேன். நல்லவேளை, வாசல்லயே படிச்சுப் பார்த்துட்டுத் திரும்பி வந்தார். "என்னம்மா, ஆளை மாத்தப் பாக்கறியா"ன்னு சிரிச்சார். முதலாளி சிரிக்கலை.

உன்னை என்ன திட்டறதுன்னு மூணு நாளா யோசிச்சேன். திட்டு எல்லாம் சின்னதா இருக்கு. தலையணை உறையைக் கையில வச்சுக்கிட்டுத் தேடினேன்னு எழுதியிருக்கியே, அதை நீ எழுதாம இருந்திருக்கலாம். கண்ணை மூடினா அதுதான் வருது.

ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். நீ அவரை அசையாதேன்னு சொல்லிட்டுப் போனே, அவரும் ரைட்டுன்னார். ரைட்டுன்னு சொன்னா அப்பா மீற மாட்டார். அப்புறம் ஏன் எழுந்து போனார்னு நீ யோசிக்கலையா? எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கிட்ட போன்ல பேசினேன். உனக்குச் சொல்லலை. "என்னை எப்ப வந்து கூட்டிட்டுப் போவே"ன்னு அழுதார்க்கா. சமாதானப்படுத்தணும்னு, "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நான் கீழே வந்து நிப்பேன்ப்பா, கீழே வந்துடுங்க"ன்னு சொன்னேன். "கீழேயா?"ன்னார். "ஆமா, கீழேதான்"னேன். ரெண்டு மூணு தடவை சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டார், ஸ்டாப் பேரை மனப்பாடம் பண்ற மாதிரி.

எனக்குக் கீழேன்னா கரை. அவருக்குப் படி. திறந்த கதவைப் பார்த்தார், கீழே போற படி தெரிஞ்சுது, இறங்கிட்டார். நீ திறந்து வச்சே, நான் கூப்பிட்டேன். அவர் யார் பேச்சையும் தட்டலை.

இப்ப இதைக் கேளு. போன திங்கக்கிழமை ரேடியோ மறுபடி வந்தா. அன்னைக்கு நான் துறைமுகத்துல நின்னதை அவகிட்ட சொல்லியிருந்தேன், உன் கடுதாசி வர்றதுக்கு முன்னாடி. "அக்கா, தாத்தா இறங்கவே இல்லைன்னு நீங்க வந்து சொன்னாப் போதும், அவங்க பதிவே பொய்யின்னு ஆயிடும், எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். வர்றீங்களா?"ன்னு கேட்டா. வர்றேன்னுட்டேன். கையைப் பிடிச்சு அழுதா.

வந்து என்ன சொல்றது? அப்பா இறங்கலைன்னா அட்டை எப்படி இறங்குச்சும்பாங்க. நான் வாயைத் திறந்தா உன்னைக் காட்டிக் கொடுக்கறேன். திறக்கலைன்னா அவளைக் கொல்றேன். என்னை இந்த இடத்துல கொண்டு வந்து நிறுத்திட்டே. இவர், "உங்க அக்கா உள்ளே போனா மாமா எழுந்து வந்துடுவாரா"ங்கறார். அவர் சொல்றதும் தப்பா தெரியலை. எனக்கு மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்.

நான் 21ம் தேதி போகப் போறதில்லை. உடம்பு சரியில்லைன்னு விடுதிக்குச் சொல்லியனுப்பிடுவேன். அவ ஆறு கடை ஏறி இறங்கி வந்தவ. இருந்தாலும் போகலை.

நீ என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். என்கிட்ட கேட்கவும் கேட்காதே.

உன் கடுதாசியைக் கிழிக்கலை. அரிசி டப்பாவுக்கு அடியில வச்சிருக்கேன்.

சின்னவ



ஏப்ரல் 19, சனி

சின்னவளுக்கு,

மணி மூன்று. நடைவழியில் பெட்டிகள் ஒவ்வொன்றாக வெளியே வர ஆரம்பித்துவிட்டன. எட்டாம் தளத்தில் ரேடியோவின் இடத்துக்கு வந்திருப்பவள் அதிகம் பேசுவதில்லை. நன்றாக வேலை செய்கிறாள். படிக்கட்டுக் கதவைத் தாண்டும்போது மட்டும் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். எல்லோருக்கும் சுற்றறிக்கை வந்திருக்கிறது.

நீ எழுதிய 'கீழே' என்பதை ஒரு வாரமாக வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். எங்களுக்கும் அது கரை இல்லை. கப்பலில் யாரையாவது எங்கே என்று கேட்டுக் கீழே என்று பதில் வந்தால், சலவைக்கூடம், சமையற்கட்டு, எங்கள் கட்டில்கள் என்று அர்த்தம். அப்பா மூன்றாம் தளம் வரைக்கும் இறங்கியிருக்கிறார். வீங்கிய முழங்காலோடு ஐந்து தளம். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று உன்னைத் தேடியிருப்பார். அது உன் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்ட மகளிடம் போனார். அவர் கடைசியாகச் செய்தது அதுதான் என்றால், என் பங்கைவிட உன் பங்கு சுமக்கக் கூடியது. இதை ஆறுதலுக்குச் சொல்லவில்லை.

நீ 21ம் தேதி போக வேண்டாம், நானே போகிறேன். ஒருவேளை போக வேண்டும் என்று அதற்குள் மனசு மாறினாலும் வேண்டாம். என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நீ ஒருத்தியின் முகத்தைப் பார்க்க முடியாதவளாக ஆகாதே. எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும், ஏழு வாரமாக அப்படித்தான் இருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மீசை விஷயத்தில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறேன். அவர் பெயரை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியுமா என்று எல்லா வழியிலும் யோசித்துப் பார்த்தேன். நானே இயந்திரத்தில் தேய்த்தேன், அவர் திரும்பி நின்றிருந்தார் என்று சொல்லலாம். ஒரு முறை? சரி. 11.12க்கும் திரும்பி நின்றிருந்தாரா? ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று என்று போனால் நான் மறுபடி அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது. கூட ஆள் இருக்கா என்று கேட்ட ஒரே மனிதர் அவர். அவரையும் சேர்த்துத்தான் நான் இழுத்துக்கொண்டு விழப் போகிறேன். இதற்கு நல்ல முகம் எதுவும் கிடையாது.

நாளை காலை ஐந்து மணிக்கு என் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்குகிறேன். பதினோரு வருஷத்தில் மாற்று நாளில் நான் இறங்குவது இதுதான் முதல் தடவை. எட்டாம் தளத்தில் நாளை தொண்ணூறு அறையை யார் பார்ப்பார்கள் என்று என்னையறியாமல் ஒரு பட்டியல்கூடப் போட்டுவிட்டேன், பிறகு கிழித்தேன். நேராக விடுதிக்குப் போய் ரேடியோவிடம் எல்லாவற்றையும் சொல்வேன். அவள் கத்துவாள், அடிக்கவும் செய்வாள். திங்கட்கிழமை அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போய், நேரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன். இருபத்தைந்து நிமிஷத்தையும் சேர்த்து. அதன்பின் என்னை எங்கே அனுப்புகிறார்களோ அங்கே.

இந்தக் கடிதத்தைத் தபால் மேசைக்குக் கொடுத்தனுப்பப் போவதில்லை. அனுப்பினால் நீ வாசலில் வந்து நிற்பாய், நான் திரும்பி ஏறிவிடுவேன். எல்லாம் முடிந்த பிறகு என் கையால் தருகிறேன், வாங்கிக்கொள்வதும் வாங்காததும் உன் விருப்பம்.

மேனேஜருக்குத் தெரியாது. என்னோடு அறையில் இருக்கும் பெண், பெட்டி ஏன் கட்டிலில் இருக்கிறது என்று கேட்டாள், துவைக்கத் துணி எடுக்கிறேன் என்றேன். மீசைக்கும் தெரியாது. நாளை காலை வாசலில் என் அட்டையைத் தேய்க்க அவர் கையை நீட்டும்போது அவரிடம்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

பெரியவள்